கிராஷ் பாரைக் கழற்றலாமா? மலைநாட்டு முடக்குகளில் பைக் எவ்வளவு சாய்கிறது என்பதில் இருந்து ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பழைய 150 சி.சி. பைக் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். முன்னால் வைத்திருந்தவர் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்த பெரிய கிராஷ் பார், அதாவது விழுந்தால் காலும் எஞ்சினும் தப்பட்டும் என்று எஞ்சினுக்கு முன்னால் பூட்டும் இரும்புக் குழாய் வளையம், அதில் இருக்கிறது. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவில் இருந்து லபுக்கலை வழியாக ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது, ஒரு வலது முடக்கில் அந்தப் பார் ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்திருக்கிறது, பைக்கும் ஒரு கணம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. வேகம் முப்பது சொச்சம்தான் என்கிறீர்கள். பாரைக் கழற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. பார் இருந்தால்தான் விழுந்தாலும் கால் தப்பும், கழற்றவே கூடாது என்பது அம்மாவின் கட்சி. அதோடு தங்கச்சியின் ஸ்கூட்டிக்கும் சுற்றிவர ஒரு கூண்டு பூட்டச் சொல்லி கடைக்காரர் சொல்கிறாராம்.

இப்போது இருக்கும் அந்தப் பாரைக் கழற்றிவிடுங்கள். கிராஷ் பார் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை, நம்முடைய ஊரில் அதனால் வரும் நன்மை பற்றியும் கீழே எழுதுகிறேன். ஆனால் பைக் சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தொடும் முன்பே ரோட்டைத் தொடுகிற எந்த இரும்பும், அதைப் பாதுகாப்புக்கு என்று சொல்லிப் பூட்டியிருந்தாலும், இந்த ரோட்டில் ஆபத்துதான். உங்களுடையது தொட்டுவிட்டது, அதுவும் மெதுவாகப் போகும்போதே தொட்டுவிட்டது. 'முப்பதில் போய் எப்படி உரசும்' என்று நீங்கள் குழம்புவது விளங்குகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தால் அது உரசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பைக் எவ்வளவு சாய வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வேகம், முடக்கின் ஆரம். பைக்கின் எடையோ எஞ்சினின் சி.சி.யோ இதில் வராது. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பக்க விசை நான்கு மடங்காகிறது, அதனால்தான் கொஞ்சம் வேகம் கூடினாலும் சாய்வு சட்டென்று ஏறிவிடுகிறது. 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு முடக்கை எடுத்துக்கொள்ளுங்கள், லபுக்கலைப் பக்கத்து இறுக்கமான வளைவுகளை நினைத்துக்கொண்டால் போதும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதைத் திருப்ப 18 பாகை சாய்ந்தால் போதும். 30இல் 25 பாகை. 35இல் 33 பாகை. 40இல் 40 பாகை. இது தடிப்பே இல்லாத டயருக்கு வரும் கணக்கு. உண்மையான டயருக்கு அகலம் இருக்கிறது, சாயச் சாய அது தரையைத் தொடும் இடம் உள்பக்கம் நகர்கிறது, அதனால் நிஜத்தில் இன்னும் சில பாகை கூடுதலாகச் சாய வேண்டிவரும். ஸ்பீடோமீற்றர் முள் 25இல் இருந்து 35க்குப் போவதை நாம் கவனிப்பதே இல்லை, ஆனால் அதற்குள் சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது.

இனி உங்கள் பைக் எவ்வளவு சாய இடம் கொடுக்கிறது என்று பார்ப்போம். அளவுகளை நீங்களே எடுக்க வேண்டும், எப்படி என்று பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு இந்த மாதிரிப் பாருக்குப் பொருந்தக்கூடிய ஒரு உதாரணம். பாரின் கீழ் மூலை தரையில் இருந்து 26 செ.மீ. உயரத்தில், டயர் தரையைத் தொடும் கோட்டில் இருந்து 38 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த மூலை தரையைத் தொட 34 பாகை சாய வேண்டும். ஃபுட்ரெஸ்டின் நுனி 29 செ.மீ. உயரத்தில் 34 செ.மீ. வெளியே இருந்தால் அது தொட 40 பாகை வேண்டும். ஆக, பைக்கைத் தொழிற்சாலையில் செய்தவர்கள் 40 பாகை கொடுத்திருக்கிறார்கள், வெல்டிங் கடைக்காரர் அதில் 6 பாகையைப் பிடுங்கிவிட்டார். இது பைக் காலியாக, நேராக, சமதரையில் நிற்கும்போது எடுத்த அளவு.

மனைவி ஏறி உட்கார்ந்ததும் ஷொக், அதாவது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங், இறங்குகிறது. 3 செ.மீ. இறங்கினால் பாருக்கு மிச்சம் 31 பாகை. அடுத்தது இறக்கம். இறங்கும்போது முடக்குக்குள் போன பிறகும் முன் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருப்போம், எல்லோரும் செய்வதுதான். முன் ஷொக் அமுங்குகிறது, கிராஷ் பார் எஞ்சினுக்கு முன்னால், முன் சக்கரத்தை ஒட்டிய இடத்தில் இருப்பதால், அமுங்குவதன் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது. இன்னும் 2 செ.மீ. போனால் 29 பாகை. இதற்கு மேல் ரோட்டின் சரிவு வேறு. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். மழைத் தண்ணீர் கானுக்கு ஓடட்டும் என்று ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்திருக்கிறார்கள். இடது முடக்கில் நாம் சாயும் பக்கமே ரோடும் சரிந்திருப்பதால் நமக்கு அது உதவி. வலது முடக்கில் பைக் வலப்பக்கம் சாய்கிறது, நமது பக்கத்து ரோடோ இடப்பக்கம் சரிகிறது, அதாவது தரை பாரை நோக்கி எழும்பி வருகிறது. ரோட்டுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் 2.5 சதவீதச் சரிவு என்றாலே ஏறக்குறைய ஒன்றரைப் பாகை. மிச்சம் இருப்பது 27, 28 பாகை. மேலே சொன்ன கணக்கில் 15 மீற்றர் முடக்கில் அது 31 கி.மீ. வேகம், டயரின் அகலத்தையும் சேர்த்தால் அதற்கும் குறைவு. நீங்கள் சொன்ன இடமும் வேகமும் அப்படியே வந்து உட்காருகிறது பாருங்கள். நீங்கள் தவறாக ஓட்டவில்லை. இறக்கம், பின்னால் ஆள், வலது முடக்கு, பிரேக் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது.

முடக்குகள் எல்லாம் இப்படி வெளிப்பக்கம் சரிந்தவை இல்லை, புதிதாக அகலமாக்கிய இடங்களில் உள்பக்கம் சரியும்படி ஒழுங்காகவே போட்டிருக்கிறார்கள். தோட்டத்து ரோடுகளும் பழைய குறுக்கு வீதிகளும்தான் அதிகம் ஏமாற்றும். ஒரே முடக்குக்குள் பாதி நல்ல சரிவு, மீதி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு மேடு பள்ளமானது என்று இருக்கும். சாய்ந்திருக்கும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஷொக் அந்தக் கணத்துக்கு முழுவதும் அமுங்கும், கணக்குப் போட்ட பாகை எல்லாம் அங்கே செல்லாது. தவிர, சாய்ந்து திரும்பும்போது ஷொக்கின் மேல் விழும் பாரமே கூடுகிறது, 33 பாகை சாய்வில் சாதாரணத்தை விட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், 40 பாகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

சரி, உரசினால் உரசட்டுமே, கொஞ்சம் பெயின்ட்தானே போகும் என்று சிலர் சொல்வார்கள். அந்த எண்ணம்தான் எனக்குப் பெரிய கவலை.

ஃபுட்ரெஸ்ட் தரையைத் தொட்டால் என்ன நடக்கிறது? முன் ஃபுட்ரெஸ்ட் பெரும்பாலான பைக்கில் மேல்நோக்கி மடங்கும்படி செய்திருக்கிறார்கள். அது தொடும், மடங்கும், காலுக்கு அதிர்வு தெரியும், 'இதற்கு மேல் சாயாதே' என்று உங்களுக்குச் செய்தி வந்துவிடும், டயர்கள் இரண்டும் அப்போதும் ரோட்டில்தான் இருக்கும். கிராஷ் பாருக்கு மடங்கத் தெரியாது. சேஸியோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் குழாய் அது. தொட்டதும் பைக்கின் எடையில் ஒரு பங்கு டயரில் இருந்து கழன்று அந்தக் குழாயின் மேல் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் குழாய் தரையில் ஊன்றி சக்கரத்தை மேலே நெம்புகிறது. இரும்புக்கும் தாருக்கும் இடையில் ரப்பருக்கு இருக்கும் பிடி கிடையாது. அதிலும் பார் முன்னால் இருப்பதால் முதலில் எழும்புவது முன் சக்கரம். பின் சக்கரம் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பமாவது இருக்கும், முன் சக்கரம் பிடி விட்டால் என்ன நடந்தது என்று தெரியும் முன்பே தரையில் கிடப்போம். பைக் 'ஒரு கணம் வெளிப்பக்கம் தள்ளியது' என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அது முன் சக்கரம் லேசாகிப்போன அறிகுறி. இன்னும் இரண்டு பாகை சாய்ந்திருந்தால் நீங்களும் மனைவியும் வலப்பக்கம் விழுந்து, பைக்கோடு வெளிப்பக்கம், கானை நோக்கிச் சறுக்கிப் போயிருப்பீர்கள்.

'அப்போ மெதுவாகவே ஓட்டுகிறேன், பார் இருக்கட்டும்' என்று யோசிக்கலாம். மெதுவாக ஓட்டுவது நல்லது, ஓட்டுங்கள். ஆனால் நாமாக விரும்பிப் பைக்கை அதிகம் சாய்ப்பது அரிது, நம்மைச் சாய்க்க வைப்பவை வேறு. உள்ளே போகப் போக இறுகும் முடக்கு ஒன்று. ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி வரும் பஸ் இன்னொன்று. குறுக்கே ஓடும் நாய், பனி மூட்டத்துக்குள் லைட் இல்லாமல் நிற்கும் மரக்கறி லொறி. அந்த நேரத்தில் இன்னும் ஐந்து பத்துப் பாகை சாய்த்தால் தப்பலாம். காய்ந்த நல்ல தார் ரோட்டில் தேயாத டயருக்கு 40 பாகைக்குக் குறையாத சாய்வைத் தாங்கும் பிடி இருக்கிறது. டயர் தரத் தயாராக இருக்கும் அந்த மிச்சத்தைப் பார் 27 பாகையிலேயே அடைத்துவிடுகிறது.

இப்போது அம்மாவின் பக்கத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நின்ற இடத்தில், அல்லது நடக்கிற வேகத்தில் பைக் சரிந்தால், பார் பைக்கைத் தரையில் இருந்து கொஞ்சம் தூக்கி வைத்திருக்கும், கால் எஞ்சினுக்குக் கீழே அகப்படாது, சூடான சைலன்சரில் வேகாது, டேங்கும் கிளட்ச் லீவரும் சிக்னலும் தப்பும், எஞ்சின் மூடி உடைந்து எண்ணெய் கொட்டாது. தோட்டத்து ரோடுகளில் மழைக்காலத்தில் பாசி பிடித்த கொங்கிரீட் ஏற்றத்தில் கால் வைக்க இடம் கிடைக்காமல் சரிவது இங்கே யாருக்கும் நடக்கக்கூடியது. அந்த வேலைக்குப் பார் கெட்டிக்காரன். லயத்தில் இருந்து ஃபெக்டரிக்கும் கடைக்கும் மட்டும் போய் வருகிற ஒருவர் என்னிடம் கேட்டால், ஒடுக்கமான ஒரு பாரைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேகமாகப் போகும்போது நடக்கும் விபத்துகளில் கதை வேறு. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹரி ஹர்ட் என்பவரின் தலைமையில் ஒரு குழு லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது, அதோடு 3,600 பொலிஸ் அறிக்கைகளையும் படித்தது. 1981இல் அறிக்கை வெளிவந்தது. கிராஷ் பாரைப் பற்றி அவர்கள் கண்டது இது: கணுக்காலுக்கும் பாதத்துக்கும் காயம் குறைகிறது, ஆனால் குறைந்த அளவுக்கு முழங்கால், கீழ்க்கால், தொடைக் காயங்கள் கூடிவிடுகின்றன, மொத்தத்தில் காயத்தைத் தடுக்கும் சாதனம் என்று அதைச் சொல்ல முடியாது. பழைய ஆய்வுதான், அங்குள்ள பைக்குகளும் ரோடுகளும் வேறுதான். ஆனால் காரணம் இங்கேயும் அதேதான். மோதும்போது உடல் முன்னால் போகிறது, காலுக்கு முன்னால் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. முழங்கால் அதில் இடிக்கிறது, அல்லது கால் அதற்குள் சிக்கிக்கொண்டு உடல் மட்டும் போகிறது. மெல்லிய குழாயாக இருந்தால் அதுவே பின்னால் வளைந்து காலை எஞ்சினோடு சேர்த்து அமுக்கிவிடும்.

தடித்த குழாயாக இருந்தால் வேறு பிரச்சினை. அது வளையாது, அடி முழுவதும் எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்டுக்கும் சேஸிக்கும் போகிறது. வெல்டிங் கடைப் பார்களில் பலவற்றை எஞ்சின் மவுன்ட் போல்டிலேயே கோர்த்துப் பூட்டுகிறார்கள், நீளம் போதாது என்று பழைய போல்டை எடுத்துவிட்டுக் கையில் கிடைத்த சாதாரண இரும்பு போல்டைப் போடுகிறார்கள். உங்கள் பைக்கில் அந்தப் போல்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள், போல்டின் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது அதற்கு மேல் ஒரு எண் பொறித்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் பாரைக் கழற்றும்போது பைக்கோடு வந்த மாதிரியே பலமான போல்ட் வாங்கிப் போடுங்கள், இதில் சில்லறையை மிச்சம் பிடிக்காதீர்கள். ஏற்கனவே ஒருமுறை உரசியிருப்பதால் பார் பூட்டியிருக்கும் இடங்களில் சேஸியின் பெயின்ட் மயிர் போல வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வெடித்திருந்தால் உள்ளே இரும்பும் கீறியிருக்கலாம், நல்ல கராஜில் காட்டுங்கள்.

மலைநாட்டுக்கென்று இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கான். நமது ரோடுகளில் மலைப்பக்கம் ஆழமான கொங்கிரீட் கான் போகும், பல இடங்களில் அதற்கு மூடி கிடையாது. விழுந்த பைக் வழவழப்பாகச் சறுக்கிப் போய் எங்கேயாவது நின்றால் அது நல்ல விழுகை. நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் அந்தக் கானின் விளிம்பில் மாட்டினால் பைக் சறுக்குவதை விட்டுப் புரள ஆரம்பிக்கும், 140 கிலோ இரும்பு ஓட்டியவரின் மேலேயே வந்து விழும்.

மற்றது அகலம். 30 பாகை சாய்ந்தால், தரையில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும் உங்கள் தலை டயர் போகும் கோட்டில் இருந்து 75 செ.மீ. உள்ளே போய்விடுகிறது. வலது முடக்கில் நடுக்கோட்டை ஒட்டி டயரை வைத்து ஓட்டினால் உங்கள் தலை எதிரே வரும் பஸ்ஸின் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், டயர் நமது பக்கத்தில் இருந்தாலும். இதைப் பலர் யோசிப்பதில்லை. வலது முடக்கில் உள்ளே போகும்போது இடப்பக்கமாகவே இருங்கள், முடக்கின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை நடுக்கோட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். இடது முடக்கில் இதே கதை மறுபக்கம், மலைச்சுவரும் கானும் உள்ளே இருக்கின்றன, பாரின் இடது வளையம் அவற்றுக்குத்தான் முதலில் கிட்டப் போகும்.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். பைக்கைச் சமமான கொங்கிரீட் தரையில் நேராக நிறுத்துங்கள், டயர் காற்றைச் சரியாக அடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறி உட்காருங்கள், மனைவியும் ஏறட்டும், ஏனென்றால் நீங்கள் ஓட்டப்போவது அப்படித்தான். இன்னொருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். முன் டயர் தரையைத் தொடும் இடத்தின் வெளி விளிம்பில் இருந்து பின் டயரின் வெளி விளிம்புக்குத் தரையில் சோக்கால் ஒரு கோடு. பைக் சாயும்போது ஏறக்குறைய அந்தக் கோட்டைச் சுற்றித்தான் சாய்கிறது. இப்போது ஒரு நேரான கம்பை, அலுமினியப் பட்டி இருந்தால் இன்னும் நல்லது, அதன் அடியைச் சோக்குக் கோட்டில் வைத்து ஃபுட்ரெஸ்டின் நுனியைத் தொடும்படி சாய்த்துப் பிடியுங்கள். ஃபோனில் கோணம் காட்டும் ஆப் இருக்கும், கம்பின் மேல் ஃபோனை வைத்தால் தரையில் இருந்து எத்தனை பாகை என்று தெரிந்துவிடும். பிறகு கம்பை முன்னால் நகர்த்தி, அதே கோட்டில் அடியை வைத்து, பாரின் மூலையைத் தொட வையுங்கள். பாருக்கு வரும் எண் ஃபுட்ரெஸ்டின் எண்ணை விடக் குறைவாக இருந்தால் அந்தப் பார் அந்தப் பைக்கில் இருக்கக் கூடாது. கூடினால் மட்டும் போதாது, முன் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இறங்கும் என்பதால் நான் ஐந்து பாகையாவது கூட இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். இதே கம்பால் சைட் ஸ்டாண்ட், டபுள் ஸ்டாண்ட், சைலன்சர், பிரேக் பெடல் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இடப்பக்கம் ஸ்டாண்டும் வலப்பக்கம் சைலன்சரும் வருவதால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் வராது.

திரும்பவும் பார் வேண்டும் என்று அம்மா நின்றால், அல்லது உங்களுக்கே வேண்டும் என்றால், வடிவத்தைப் பார்த்து எடுங்கள். அகலமான இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதே 38 செ.மீ. அகலம் 26 செ.மீ. உயரத்தில் இருந்தால் 34 பாகையில் தொடும், 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 50 பாகைக்குப் போய்விடும், ஃபுட்ரெஸ்டுக்குப் பிறகுதான் அதற்கு முறை வரும். ஆகவே மேலே அகன்று, கீழே வரும்போது எஞ்சினை ஒட்டி ஒடுங்குகிற பார் நல்லது. கீழே வயிறு தள்ளின மாதிரி இருப்பது வேண்டாம். ஓரத்தில் நைலான் உருளை இருந்தால் சறுக்கும்போது மாட்டாது, ஆனால் அந்த உருளையும் கீழ் மூலையில் இருந்தால் இன்னும் இரண்டு செ.மீ. நீட்டித் தொந்தரவைக் கூட்டும். பாரில் லைட், கால் நீட்டி வைக்க மிதி என்று எதையும் மேலதிகமாகப் பூட்டாதீர்கள். கால் நீட்டி ஓட்டுபவரின் பாதம் பின் பிரேக்கில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், இறக்கத்தில்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: இருக்கும் பாரின் கீழ்ப்பகுதியை கிரைண்டரால் வெட்டிவிட்டு மீதியை வைத்திருப்பது. காசு மிச்சம் என்று கடைகளிலேயே இப்படிச் செய்து கொடுப்பார்கள். வெட்டிய குழாயின் வாய் விழும்போது காலைக் கிழிக்கும், ரோட்டோரம் கொழுந்துக் கூடையோடு போகும் ஆளையும் கிழிக்கும்.

பார் இல்லாமலும் சாய்வதற்கான இடத்தைக் கூட்ட வழி இருக்கிறது. பின் ஷொக்கில் ஸ்பிரிங்கை இறுக்கும் படிகள் இருக்கும், இரண்டு பேர் போவதாக இருந்தால் ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள், செலவே இல்லை. பின் டயர் மாற்றும்போது 100/90-17 இருக்க வேண்டிய இடத்தில் விலை குறைவு என்று 90/90-17 போட்டால் பின்பக்கம் 9 மி.மீ. இறங்கிவிடும், கடைக்காரர் 'ஒரே சைஸ்தான்' என்பார், ஒரே சைஸ் இல்லை. ஷொக்கில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தால் மாற்றுங்கள், பழைய பைக்கில் இது கட்டாயம் பார்க்க வேண்டியது. நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிப்போன டயர் முடக்கில் சரியாகச் சாயாது, கையை விட்டு ஆடும்.

ஓட்டும்போது: வேகத்தை முடக்குக்கு முன்னாலேயே குறையுங்கள், கியரையும் முன்னாலேயே இறக்கிவிடுங்கள், இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே போன பிறகு முன் பிரேக்குக்கு வேலை இருக்காது. மேல் உடம்பைக் கொஞ்சம் முடக்கின் உள்பக்கம் சாய்த்தால் பைக் அவ்வளவுக்குச் சாயத் தேவையில்லை, சில பாகை மிச்சமாகும். மனைவியிடமும் சொல்லி வையுங்கள், பயத்தில் எதிர்ப்பக்கம் சாய வேண்டாம், உங்கள் தோளுக்கு மேலால் முடக்கின் உள்பக்கம் பார்த்தாலே போதும். எப்போதாவது ஏதாவது உரசினால் எக்ஸிலேட்டரைப் பட்டென்று விடாதீர்கள், பிரேக்கைப் பிடிக்காதீர்கள். இரண்டுமே முன்பக்கத்தை அமுக்கும், உரசுவது கூடும். எக்ஸிலேட்டரை அப்படியே பிடித்தபடி உடம்பை இன்னும் உள்ளே போட்டு, பைக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கானைப் பார்த்தால் கானுக்குத்தான் போவோம்.

மழைக்குச் சாய்வுக் கணக்கு பெரிதாக வராது, ஈர ரோட்டில் பார் தொடும் முன்பே டயர் பிடி விட்டுவிடலாம். மரக்கறி லொறியில் இருந்து விழுந்த சேறு, முடக்கில் பஸ் டேங்கில் இருந்து வழிந்த டீசல், மர நிழலில் காயாத பாசி, இவற்றில் எல்லாம் பைக்கை நிமிர்த்தியே வைத்து வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வித்தை இல்லை.

காலைப் பற்றிய அம்மாவின் பயத்துக்கு நான் சொல்லும் மருந்து சப்பாத்து. கணுக்காலை மூடும் நல்ல தோல் சப்பாத்து, தடித்த ஜீன்ஸ். புதுப் பார் ஒன்றுக்கு எடுத்து வைத்த காசை அதற்குப் போடுங்கள், மனைவிக்கும் ஒரு சோடி சேர்த்து வாங்குங்கள். பாட்டா செருப்போடு ஹெல்மட் மட்டும் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கணுக்கால் சில்லுச் சில்லாக உடைந்தவர் பிறகு மலையில் ஏறி இறங்கி வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தோட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

தங்கச்சியின் ஸ்கூட்டிக்கு அந்தக் கூண்டு வேண்டாம். ஸ்கூட்டியின் சக்கரம் சிறியது, கால் வைக்கும் பலகை தரைக்குக் கிட்ட இருக்கிறது, அதைச் சுற்றிக் குழாய் பூட்டினால் அது பைக்கின் பாரை விடத் தாழ்வான இடத்தில் வரும், ஏற்கனவே குறைவாக இருக்கும் சாய்வு இன்னும் குறையும். ஸ்கூட்டியில் இடது முடக்கில் பெரும்பாலும் முதலில் தொடுவது டபுள் ஸ்டாண்ட்தான். அதை மேலே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, ஸ்டாண்ட் போய் முட்டும் ரப்பர் தேய்ந்து விழுந்துவிட்டதா என்று குனிந்து பாருங்கள். ரப்பர் இல்லாவிட்டால் ஸ்டாண்ட் சரியான இடத்தில் நிற்காது, ஸ்பிரிங் தளர்ந்தால் பள்ளத்தில் விழும்போதெல்லாம் கீழே அடிக்கும். இரண்டும் சின்னச் சாமான், கூண்டுக்குப் போகும் காசில் ஒரு துளிதான். இந்த வாரமே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.